வெளிச்சத்தில் வேலி கட்டியவர்

பிளஸ் ஒன்னில் பயோ-மேத்ஸ் எடுத்தவர்களுக்கு இந்தப் பெயர் லேசாக ஞாபகம் இருக்கலாம். என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகத்தின் ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் இரண்டு மூன்று வரிகளில் ஒருத்தர் வந்து போவார். முப்பட்டகத்தால் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து ஒரு பச்சைப் பாசியின் மேல் விழவைத்தார், சுற்றிலும் பாக்டீரியாவை நீந்தவிட்டார், சிவப்பிலும் நீலத்திலும் கூட்டம் சேர்ந்தது. அவ்ளோதான். ஒரு மார்க் கேள்விக்காகப் பெயரை மனப்பாடம் செய்துவிட்டு நாம் கால்வின் சுழற்சிக்குப் போய்விட்டோம். எங்கெல்மான் என்பது அந்தப் பெயர்.

போன செமஸ்டரில் மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் எலெக்டிவ் எடுத்தேன். தலைமுடி அகலமே உள்ள கால்வாய்களுக்குள் நீந்தும் நுண்ணுயிர்களை வெளிச்சம் காட்டி ஓட்டிப்போவது எப்படி என்று செமினார் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாம் 2000-க்குப் பிறகு வந்த சமாச்சாரம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஒரு பேப்பர் இன்னொரு பேப்பரைக் காட்ட, அது இன்னும் பழைய ஒன்றைக் காட்ட, கடைசியில் போய் நின்ற இடம் 1880-களின் ஹாலந்து. அட, நம்ம மூணு வரி ஆள்! செமினார் முடிந்துவிட்டது, மார்க்கும் வந்துவிட்டது. ஆனால் இந்த மனிதர் மட்டும் மண்டையை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தியோடர் வில்ஹெல்ம் எங்கெல்மான் 1843 நவம்பர் 14 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் பிறந்தார். அப்பா புத்தகப் பதிப்பாளர். லைப்சிக் என்றாலே புத்தகமும் சங்கீதமும்தான், பையனுக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டது. செல்லோ வாசிக்கக் கற்றுக்கொண்டார். படித்தது மருத்துவம். யேனா, ஹைடல்பெர்க், கோட்டிங்கன் என்று ஊர் ஊராகப் போய்ப் படித்தார். ஒரே காலேஜில் கடைசிவரை உட்கார்ந்து படிப்பதெல்லாம் அந்தக் கால ஜெர்மன் மாணவர்களிடம் கட்டாயமில்லை. 1867-இல் லைப்சிக்கிலேயே, கண்ணின் கார்னியா பற்றி ஆய்வு எழுதி டாக்டர் பட்டம் வாங்கினார்.

அதே வருஷம் ஹாலந்தின் யூட்ரெக்ட் நகரத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே இருந்தவர் டோண்டர்ஸ், அந்தக் காலத்தில் கண் மருத்துவத்தின் பெரிய தலை. கண் ஆஸ்பத்திரியில் மேலே பெரிசாகவும் கீழே போகப்போகச் சிறிசாகவும் எழுத்துகள் இருக்கும் பலகையைப் படித்திருப்பீர்கள் இல்லையா? அதை உருவாக்கிய ஸ்னெல்லன், டோண்டர்ஸோடு வேலை பார்த்தவர்தான். அந்த இடத்தில் உதவியாளராகச் சேர்ந்த எங்கெல்மானுக்கு டோண்டர்ஸ் தன் மகளையே கல்யாணம் செய்து கொடுத்தார். 1869-இல் திருமணம். மறு வருஷமே, இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற பிறகு அந்தப் பெண் இறந்துபோனார். எங்கெல்மானுக்கு அப்போது 26, 27 வயசு. நம்ம சீனியர்களின் வயசு. மாமனாரும் மருமகனும் அதே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலையைத் தொடர்ந்தார்கள்.

அந்த வேலை என்ன என்பதைச் சொல்லாமல் பாக்டீரியாவுக்குப் போனால், இவரைப் பாதி ஆளாகத்தான் காட்டினதாகும். எங்கெல்மான் அடிப்படையில் தசை ஆராய்ச்சியாளர். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாய் அலை அலையாகச் சுருங்கும். அந்த அசைவு எங்கே ஆரம்பிக்கிறது? நரம்பு கட்டளை போடுகிறதா, தசை தானாகவே செய்கிறதா? தசைதான் என்றார். பிறகு இதே கேள்வியை இதயத்திடம் கேட்டார். தவளையின் இதயத்தை எடுத்து, ஒரு பக்கமிருந்து கொஞ்சம், மறு பக்கமிருந்து கொஞ்சம் என்று வளைந்து வளைந்து போகும் நாடா மாதிரி வெட்டினார். இப்படி வெட்டினால் நேராக ஓடும் நரம்பு இழை எதுவும் பிழைக்காது. ஆனாலும் ஒரு முனையைத் தூண்டினால் சுருக்கம் வளைந்து வளைந்து மறு முனைவரை போய்ச் சேர்ந்தது. அப்படியானால் துடிப்பைக் கடத்துவது தசையேதான், ஒரு செல் அடுத்த செல்லுக்குக் கைமாற்றுகிறது. 1875 வாக்கில் இதைச் சொன்னபோது இதயத்தை நரம்புதான் ஆட்டிவைக்கிறது என்பதே பலரின் நம்பிக்கை. இதய மருந்துகளைப் பற்றிப் பேசும்போது இன்றும் டாக்டர்கள் ஐனோட்ரோபிக், குரோனோட்ரோபிக் என்கிறார்கள். அந்தச் சொற்களும் இவர் கொடுத்தவைதான்.

கவனித்தீர்களா, இவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: எந்த இடத்தில்? மொத்த உடம்பைப் பார்த்துத் திருப்தி அடையும் ஆள் இல்லை. எந்தப் புள்ளியில் நடக்கிறது என்று குடைந்துகொண்டே போவார்.

1874-இல் மறுமணம். மனைவி எம்மா பிராண்டஸ், 21 வயசிலேயே ஐரோப்பாவில் பேர்வாங்கிய பியானோ கலைஞர். கல்யாணத்துக்குப் பிறகு அவர் மேடை ஏறுவதை நிறுத்திவிட்டார். அந்தக் காலத்து வழக்கம் என்று ஒரே வரியில் கடந்துபோக எனக்கு மனசு வரவில்லை. ஒரு ஆய்வாளருக்கு லேப் கிடைத்தது, ஒரு கலைஞருக்கு மேடை போனது. வீட்டில் மட்டும் சங்கீதம் நிற்கவில்லை. பிராம்ஸ், கிளாரா ஷூமான், வயலின் மேதை யோவாகிம் எல்லாரும் அந்த யூட்ரெக்ட் வீட்டுக்கு வந்து வாசித்தவர்கள். பிராம்ஸ் தன் மூன்றாவது நால்வர் இசைப் படைப்பை, ஓபஸ் 67, எங்கெல்மானுக்கே சமர்ப்பித்தார். வேடிக்கை என்னவென்றால் எங்கெல்மான் செல்லோக்காரர். அந்தப் படைப்பில் மூன்றாம் பகுதியில் முன்னால் வந்து பாடுவது வயோலா!

இனி மேட்டருக்கு வருவோம்.

1881. எங்கெல்மான் ஒரு சொட்டு நீரைக் கண்ணாடி ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப்பால் மூடி, காற்று புகாதபடி ஓரத்தை அடைத்துவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் சிக்கிய அந்த மெல்லிய நீர்ப்படலம்தான் அவருடைய மைக்ரோஃப்ளூயிடிக் சிப் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாக்டீரியா நீந்துகிறது. நேரம் ஆக ஆக ஆக்சிஜன் தீர்ந்து எல்லாம் அடங்கிப்போகிறது. ஆனால் அங்கே ஒரு பச்சைப் பாசி இருந்து அதன் மேல் வெளிச்சமும் விழுந்தால், பாசியை ஒட்டிய இடத்தில் மட்டும் பாக்டீரியா மறுபடி உயிர் வந்த மாதிரி துள்ளி மொய்க்கிறது. ஏனென்றால் பாசி ஆக்சிஜன் விடுகிறது.

இதைப் பார்க்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் பாக்டீரியாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருப்பார்கள். எங்கெல்மானுக்குத் தோன்றியது வேறு: இது சென்சார்! அன்றைக்கு ஒரு செல்லுக்குள் எந்த இடத்திலிருந்து ஆக்சிஜன் வருகிறது என்று அளக்க உலகத்தில் ஒரு கருவியும் கிடையாது. இங்கே சில மைக்ரோமீட்டர் நீளத்தில், தானாக நகர்ந்து போய் இடத்தைக் காட்டுகிற கருவி ஆயிரக்கணக்கில், காசில்லாமல் கிடைக்கிறது. ஸ்பைரோகைரா என்ற பாசியில் பச்சையம் சுருள் நாடா மாதிரி ஓடும். ஊசிமுனை வெளிச்சத்தை அந்த நாடாவின் மேல் விழவைத்தால் பாக்டீரியா வந்தது, நாடாவுக்கு இடைப்பட்ட இடத்தில் விழவைத்தால் வரவில்லை. ஆக்சிஜன் பிறப்பது குளோரோபிளாஸ்டில்தான் என்று முடிவாச்சு.

அடுத்து, எந்த நிறத்தில் என்ற கேள்வி. சாக்ஸ், பெஃபர் மாதிரி பெரிய பெயர்களெல்லாம் மஞ்சள் வெளிச்சத்தில்தான் ஒளிச்சேர்க்கை அதிகம் என்று சொல்லியிருந்த காலம். அவர்கள் பிரித்த நிறங்கள் போதுமான அளவு சுத்தமாக இல்லை, பக்கத்து நிறமும் கலந்து வந்தது. எங்கெல்மான் நிறமாலையையே குறுக்கி மைக்ரோஸ்கோப்புக்குள் கொண்டுவர நினைத்தார். அதற்கான கருவியை யேனாவில் இருந்த கார்ல் ஸைஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. இந்த முறை ஸ்பைரோகைரா வேண்டாம், கிளாடோஃபோரா எடுத்தார். காரணம் இருக்கிறது. கிளாடோஃபோராவில் பச்சையம் செல் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராகப் பரவியிருக்கும். ஆகவே பாக்டீரியா ஒரு இடத்தில் கூடினால் அதற்கு நிறம்தான் காரணம், பச்சையம் இருக்கும் இடம் காரணமில்லை. சிவப்பில் பெரிய கூட்டம், நீலத்தில் இன்னொரு கூட்டம், நடுவில் பச்சையில் ஏறக்குறைய காலி. ஒரு பாசி இழையின் மேல் உயிருள்ள கிராஃப் தானாக வரைந்துகொண்டது. இன்று ஆக்‌ஷன் ஸ்பெக்ட்ரம் என்கிறோமே, அதுதான் இது. பாடப்புத்தகத்தின் மூணு வரி இங்கே முடிந்துவிடுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு மறு வருஷம் நடந்தது.

1883-இல் அவர் ஒரு புது பாக்டீரியாவைப் பற்றி எழுதினார். செம்மை கலந்த ஊதா நிறம், வெளிச்சத்தை அளப்பது போல நடந்துகொண்டதால் பாக்டீரியம் ஃபோட்டோமெட்ரிகம் என்று பெயர் வைத்தார். இருட்டான ஸ்லைடில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் போட்டால் கொஞ்ச நேரத்தில் அந்த வட்டம் முழுக்க இந்த பாக்டீரியாதான். நம்ம பார்வைக்கு என்ன தோன்றும்? விளக்கைத் தேடி விட்டில்பூச்சி வருவது போல வெளிச்சம் இழுக்கிறது என்றுதானே? எங்கெல்மான் ஒவ்வொரு பாக்டீரியாவாகப் பின்தொடர்ந்து பார்த்தார். இழுப்பு என்று எதுவுமே இல்லை. இருட்டில் இருப்பது திசை தெரியாமல் எங்கெங்கோ நீந்துகிறது. தற்செயலாக வட்டத்துக்குள் நுழையும்போது ஒரு மாற்றமும் இல்லை, நேராகப் போகிறது. ஆனால் மறு பக்கம் வெளியே போக, வெளிச்சம் முடிந்து இருட்டு ஆரம்பிக்கும் கோட்டைத் தொட்டதும், பயந்த மாதிரி சட்டென்று நின்று பின்பக்கமாகத் துள்ளி உள்ளே வந்துவிடுகிறது. அவர் இதற்கு வைத்த ஜெர்மன் பெயரின் அர்த்தமே திடுக்கிடும் அசைவு என்பதுதான்.

ஓடையில் மீன் பிடிக்கப் பறி வைப்பார்களே, அதேதான். மீனை யாரும் கூப்பிடுவதில்லை. உள்ளே வர வழி உண்டு, வெளியே போக வழி இல்லை. வெளிச்சத்தால் நுண்ணுயிரை ஓட்டுகிறோம் என்று நாம் சொன்னாலும், இந்த பாக்டீரியா விஷயத்தில் நாம் ஓட்டவே இல்லை. வேலி போடுகிறோம். எங்கே போக வேண்டும் என்று அதற்குச் சொல்ல முடியாது, எங்கே போகக்கூடாது என்று மட்டும் சொல்ல முடியும். என் செமினாரின் முதல் ஸ்லைடிலேயே வெளிச்சம் ஈர்க்கிறது என்று போட்டிருந்தேன். அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

கோடு என்றால் எவ்வளவு தடிமன் வேண்டும்? இங்கே நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் கை கொடுக்கிறது. ஒரு மைக்ரோமீட்டர் பருமன், நொடிக்கு முப்பது மைக்ரோமீட்டர் வேகம், ஊடகம் தண்ணீர் என்று போட்டுப் பாருங்கள். ரெனால்ட்ஸ் எண் ஒன்றில் பத்தாயிரம் பங்குக்கும் கீழே வரும். அந்த அளவில் தண்ணீர் என்பது பாகு. கசையிழை சுழல்வதை நிறுத்தினால் பாக்டீரியா ஒரு அணுவின் குறுக்களவுகூடச் சறுக்காமல் நின்றுவிடும். பிரேக் அடித்தும் வழுக்கிப் போகிற கதையே இல்லை. அதனால்தான் வெறும் நிழலின் விளிம்பே சுவராக வேலை செய்கிறது.

அடுத்து இதே ஊதா பாக்டீரியாவின் மேல் நிறமாலையை விழவைத்தார். வேலி தத்துவத்தின்படி, எந்த நிறத்தை அது உறிஞ்சுகிறதோ அந்த நிறத்தில் சிக்கிக்கொள்ளும். ஆரஞ்சு-மஞ்சள் பகுதியில் ஒரு பட்டை, பச்சையில் ஒன்று. இவற்றைவிடப் பெரிய கூட்டம் எங்கே தெரியுமா? சிவப்புக்கு அந்தப் பக்கம், மனுஷக் கண்ணுக்கு வெறும் இருட்டாகத் தெரிகிற இடத்தில். 800-இலிருந்து 900 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு. நமக்குத் தெரியாத வெளிச்சத்தை அவை கண்டுபிடித்து, அதில் வரிசை கட்டி, நமக்குத் தெரியும்படி எழுதிக் காட்டின.

அதே 1880-களில் யூக்ளினாவிடமும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார்: எந்த இடத்தில்? யூக்ளினாவின் முன்பகுதியில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு, கண் புள்ளி என்றே அதற்குப் பெயர். அப்போ கண் அதுதானே? எங்கெல்மான் ஒரு நிழலின் விளிம்பை மெதுவாக அதன் உடம்பின் மேல் நகர்த்தினார். பின்பகுதி மூடினாலும் யூக்ளினா கண்டுகொள்ளவில்லை. சிவப்புப் புள்ளிக்கும் முன்னால் உள்ள நிறமில்லாத நுனியைத் தொட்டபோதுதான் திரும்பியது. அப்படியானால் உணர்வது அந்த நுனி, சிவப்புப் புள்ளி கண் இல்லை. இன்றைய அறிவும் அதைத்தான் சொல்கிறது. உணரும் உறுப்பு கசையிழையின் அடிப்பகுதியில் இருக்கிறது, சிவப்புப் புள்ளி அதற்கு மறைப்புத் தட்டி மட்டுமே.

எல்லாவற்றிலும் ஜெயித்தார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஊதா பாக்டீரியா வெளிச்சத்தை உறிஞ்சி வாழ்கிறது, ஆகவே அதுவும் ஒளிச்சேர்க்கை செய்கிறது என்றார். அது சரி. ஒளிச்சேர்க்கை என்றால் ஆக்சிஜன் வந்தாக வேண்டும் என்று நம்பினார். தன் பழைய சென்சார் பாக்டீரியாவை வைத்துப் பார்த்து, கொஞ்சமாக ஆக்சிஜன் வருகிறது என்று எழுதினார். அது தப்பு. 1907-இல் ஹான்ஸ் மோலிஷ் அவை ஆக்சிஜனே விடுவதில்லை என்று காட்டினார், எங்கெல்மான் உயிரோடு இருந்த காலத்திலேயே. தான் நம்பியதைத் தன் கருவியும் சொல்லும்படி பார்த்துவிடுவது எல்லாருக்கும் வரும் நோய். எக்ஸ்பெரிமென்ட் செய்வதற்கு முன்னாலேயே ரெக்கார்ட் நோட்டில் விடை எழுதும் நமக்கு அதைப் பற்றிப் பேச வாயில்லை. 1930-களின் ஆரம்பத்தில் வான் நீல் என்ற இன்னொரு டச்சுக்காரர், இந்த பாக்டீரியாக்களில் சில தண்ணீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பயன்படுத்துகின்றன, அதனால் ஆக்சிஜன் வராது, கந்தகம்தான் வரும் என்று விளக்கினார். செடிகள் விடும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்தே வருகிறது என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுபோனது இந்த ஒப்பீடுதான். எங்கெல்மான் தப்பாகப் படித்த அதே உயிர்தான் அந்த விடையைக் கொடுத்தது.

மிச்சக் கதை சுருக்கமானது. 1888-இல் டோண்டர்ஸின் இடத்துக்கு வந்தார். 1897-இல் பெர்லினிலிருந்து அழைப்பு, நரம்பு மின்சாரத்தை ஆராய்ந்த டு புவா-ரேமோனின் நாற்காலி. அங்கே பதினோரு வருஷம், பெரும்பாலும் இதயமும் தசையும்தான். 1908-இல் ஓய்வு, 1909 மே 20-இல் மரணம். எம்மா அதற்குப் பிறகு முப்பது வருஷம் வாழ்ந்து 1940-இல் இறந்தார்.

அந்த நீர்ப்படலத்துக்குப் பதிலாக இன்று ஒழுங்காக வார்த்த கால்வாய்கள் வந்துவிட்டன. 2005-இல் ஹார்வர்டில் வைட்சைட்ஸ் குழுவினர் கிளாமிடோமோனஸ் என்ற பச்சைப் பாசியின் செல்லில் மூன்று மைக்ரோமீட்டர் பிளாஸ்டிக் மணியை ஒட்டவைத்தார்கள். வெளிச்சத்தைக் காட்டி நொடிக்கு 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வேகத்தில் கால்வாய்க்குள் ஓட்டினார்கள். போய்ச் சேர்ந்ததும் இன்னொரு வெளிச்சத்தால் சுமையைக் கழற்றினார்கள். அந்த உயிர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் நுண் எருதுகள். நம்ம ஊர் வண்டிமாடேதான். பாக்டீரியா மாதிரி வேலியில் முட்டித் திரும்பும் ரகம் இல்லை இது. கிளாமிடோமோனஸ் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை தன்னைத் தானே சுற்றிக்கொண்டு நீந்தும். ஓரத்தில் இருக்கும் கண் புள்ளி ஒவ்வொரு சுற்றிலும் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்துத் திசையைத் திருத்திக்கொள்ளும். இதை நிஜமாகவே ஓட்ட முடியும். வெளிச்சத்தைக் கூட்டினால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடும். 2018-இல் ரோம் நகரத்துக் குழு ஒன்று, வெளிச்சத்தில் வேகமெடுக்கும்படி மரபணு மாற்றிய ஈ.கோலை பாக்டீரியா மேல் புரொஜெக்டரால் படம் விழவைத்து மோனாலிசாவையே வரைந்தது. வெளிச்சத்தில் வேகமாகக் கடந்துபோகும், இருட்டில் மெதுவாகித் தேங்கும். டிராஃபிக் ஜாமில் வரைந்த ஓவியம்.

கிளாமிடோமோனஸின் கண் புள்ளியில் வெளிச்சத்தை உணரும் புரதத்துக்குச் சேனல்ரோடாப்சின் என்று பெயர். வெளிச்சம் பட்டதும் திறந்து அயனிகளை உள்ளே விடும் கதவு அது. 2010-இல் ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தை எலியின் இதயத் தசைக்குள் வரவைத்து, மேலே நீல வெளிச்சத்தை விட்டு விட்டு அடித்தார்கள். நரம்பைத் தொடவில்லை, மின்கம்பி வைக்கவில்லை. ஒவ்வொரு மின்னலுக்கும் இதயம் ஒரு முறை துடித்தது.